பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில் மல்லிகைத் தேநீர்

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் மல்லிகைத் தேநீர்ப் பொட்டலம் ரசமாகி முடிந்தது. சென்னையிலிருந்து வந்த உறவினர் ஒருவர் கொடுத்த நூறு கிராம் பொட்டலம் அது. பிரித்து நாலு நாள் குடித்தேன். பிறகு பொட்டலத்தின் வாயை ரப்பர் வளையம் போட்டுக் கட்டி, அடுப்பு மேடைக்கு மேல் இருக்கும் அலமாரியில், கட்டிப் பெருங்காய டப்பாவுக்கும் மிளகுத்தூளுக்கும் நடுவில் வைத்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து எடுத்து வெந்நீர் ஊற்றியபோது மல்லிகை எங்கோ மூலையில் ஒதுங்கியிருந்தது; முன்னால் வந்து நின்றது பெருங்காயம். ஆயா ஒரு வாய் குடித்துவிட்டு, "இதில் புளி கரைத்து ஊற்ற மறந்துவிட்டாயா?" என்று கேட்டார்.

அந்தக் கெட்டுப்போன டம்ளர்தான் மல்லிகைத் தேநீர் எப்படி உண்டாகிறது என்பதை எனக்குப் புரிய வைத்தது. தேயிலை என்பது ஈரம் வற்ற உலர்த்திய சருகு. அதன் உடம்பெல்லாம் நுண்துளைகள். பக்கத்தில் ஈரம் வந்தால் ஈரத்தையும், அதோடு மணம் வந்தால் மணத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். நல்லது கெட்டது பார்க்கத் தெரியாது. பெருங்காயம் கிடைத்தால் பெருங்காயம், கருவாடு கிடைத்தால் கருவாடு. தேயிலை வியாபாரிகளுக்குக் காலங்காலமாகத் தலைவலியாக இருந்த இந்தக் குணத்தைச் சீனர்கள் திருப்பிப் போட்டு ஒரு தொழிலாக்கினார்கள்: உறிஞ்சத்தான் போகிறது என்றால் மல்லிகையை உறிஞ்சட்டுமே.

ஆகவே மல்லிகைத் தேநீர் என்பது மல்லிகைப் பூவைப் போட்டுக் காய்ச்சிய கஷாயம் அன்று. அது தேயிலைதான், பெரும்பாலும் பச்சைத் தேயிலை; பூவோடு ஓர் இரவு கிடந்து எழுந்த தேயிலை. பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்று நாம் சொல்வதை அப்படியே செய்து பார்த்திருக்கிறார்கள். இதைவிடப் பொருத்தமான உவமை நாலடியாரில், கல்வி அதிகாரத்தில் இருக்கிறது. பாதிரிப் பூ சேர்ந்ததால் மணம் பெற்ற புதுப் பானை, அந்த மணத்தைத் தன்னிடம் ஊற்றிய தண்ணீருக்குத் தருமாம். கற்றாரோடு பழகும் கல்லாதவரும் அப்படித்தான் அறிவு பெறுவார் என்கிறது பாட்டு. பூவிலிருந்து பானைக்கு, பானையிலிருந்து தண்ணீருக்கு. பாதிரியை எடுத்துவிட்டு மல்லிகையையும், பானையை எடுத்துவிட்டுத் தேயிலையையும் வைத்தால் நம் கதை முடிந்தது. வட இந்தியாவில் மல்லிகை எண்ணெய் எடுக்கும் பழைய முறையும் இதேதான்: எள்ளையும் பூவையும் அடுக்கடுக்காகப் பரப்பி, வாடிய பூவை நீக்கிப் புதுப்பூ இட்டு, மணமேறிய பிறகு எள்ளை ஆட்டுவார்கள்.

பூவின் பக்கத்தைப் பார்க்க வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் காலை நேரம் போய் நின்றால் போதும். குண்டு மல்லியை அங்கே யாரும் மலர்ந்த பூவாகக் கேட்பதில்லை, அரும்பாகத்தான் கேட்பார்கள். காலையில் வாங்கி, தொடுத்து, ஈரத் துணியில் சுற்றி வைத்தால் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வாய் திறக்கும். காலையில் அந்த அரும்பை மூக்கருகே வைத்துப் பாருங்கள், பச்சை வாடைதான் வரும். மல்லிகை தன் மணத்தை மொட்டுக்குள் சேமித்து வைப்பதில்லை. இதழ் விரிய விரியத்தான் உண்டாக்கி வெளியே விடுகிறது. நெடுநல்வாடையில் மழை மூட்டத்தில் பொழுது தெரியாத மகளிர், பூந்தட்டில் இட்டு வைத்த பித்திக அரும்பு அவிழ்ந்து மணப்பதை வைத்து மாலை வந்துவிட்டது என்று அறிந்து விளக்கேற்றுகிறார்கள். பித்திகம் என்பது பிச்சி, மல்லிகைக்குத் தங்கை. கடிகாரம் மட்டும் ஒன்றே.

சீனத்தின் ஃபூஜியன் மாநிலத்து ஃபூஜோ நகரம்தான் மல்லிகைத் தேநீருக்குப் பேர்போன பழைய ஊர். அங்கேயும் வேலை இந்தக் கடிகாரத்தின்படிதான் நடக்கிறது. அன்றிரவு மலரப்போகும் அரும்பை வெயில் நேரத்தில் பறிக்கிறார்கள். மாலையில் குவித்தும் பரப்பியும் பக்குவம் பார்த்து, இதழ் விரியத் தொடங்கும் இரவு நேரத்தில் தேயிலையோடு கலந்து மேடு கட்டுகிறார்கள். பறித்த பூவும் மூச்சு விடும். ஆகவே மேடு சூடேறும். சூடு மிஞ்சினால் பூ வெந்து வாடை மாறிவிடும் என்பதால் நடுவில் கலைத்துப் பரப்பி ஆறவிட்டு, மறுபடி கூட்டுகிறார்கள். விடியலில் களைத்துப்போன பூவைச் சலித்து எடுத்துவிடுவார்கள். தேயிலை இப்போது பூவின் ஈரத்தையும் குடித்திருக்கிறது, அப்படியே விட்டால் பூஞ்சை பிடிக்கும். எனவே மறுபடி உலர்த்தல். சில நாள் கழித்துப் புதுப்பூவோடு மறுபடி ஓர் இரவு. மலிவான சரக்கு ஓரிரு இரவோடு சந்தைக்கு வந்துவிடும். உயர்ந்த தரம் ஆறு, ஏழு இரவுகள் கிடக்கும்; எல்லா இரவுக்குமாகச் செலவாகும் பூவின் எடை தேயிலையின் எடையையே தாண்டும்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. நல்ல தேயிலை பறிப்பது வசந்தத்தில். நல்ல மல்லிகை பூப்பது கடும் கோடையில். எனவே தேயிலை இரண்டு மூன்று மாதம் பூவுக்காகக் காத்திருக்கும். வெயில் ஏற ஏற மல்லிகைக்கு மணம் ஏறும் என்பதை வேலூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இங்கே வெயில் ஒன்றுதான் வஞ்சனையில்லாமல் கிடைக்கிறது. கோடையில் கொட்டிக் கிடக்கும் மல்லி, மார்கழி தை பனியில் வரத்துக் குறைந்து கிலோ ஆயிரக்கணக்கில் விலை போவதும் இதே காரணத்தால்தான். ஃபூஜோவின் மல்லிகை, தேயிலை வேளாண்மையை ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2014இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபுகளில் ஒன்றாகச் சேர்த்தது. ஆனால் இன்று சீனாவில் மிக அதிகமாக மல்லிகை விளைவது அங்கே அல்ல, தெற்கே குவாங்ஷியின் ஹெங்ஜோ பகுதியில்.

மல்லிகை சீனத்துச் செடி அன்று. தெற்காசியாவிலிருந்து போனது. போகும்போது பெயரையும் எடுத்துக்கொண்டு போனது: சீன மொழியில் அதன் பெயர் 'மொலி'; 'மல்லிகா'விலிருந்து வந்தது என்பது அறிஞர் பலரும் ஏற்பது. திரும்பி வந்ததைப் பாருங்கள். தேயிலை என்ற நம் சொல்லில் உள்ள 'தே', ஃபூஜியன் கடற்கரை மக்கள் அந்தச் செடிக்கு வைத்த பெயர். கப்பல் வழியே உலகம் சுற்றி நமக்கு வந்தது. நிலவழியே பரவிய இன்னொரு சீனப் பெயர்தான் 'சா'; வேலூர், ஆம்பூர் உருது பேசும் வீடுகளில் 'சாய்' என்று ஒலிப்பது அதுதான். ஆக ஃபூஜியனுக்கு மல்லியைக் கொடுத்துவிட்டுத் தேயை வாங்கியிருக்கிறோம். பண்டமாற்றில் யாருக்கு லாபம் என்று நான் சொல்லமாட்டேன்.

பெயர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. கடையில் 'மல்லி டீ' என்று கேட்டுவிடாதீர்கள். நம் சமையலறையில் மல்லி என்றால் கொத்தமல்லி. சுக்கும் தனியாவும் தட்டிப் போட்ட கஷாயம்தான் வரும். அதுவும் நல்லதுதான், ஆனால் அது வேறு ஊர் பஸ்.

இனி அடுப்படிக்கு வருவோம். நமக்குத் தேநீர் என்றால் கொதிப்பது. டீக்கடைகளுக்கு வரும் தூள், தேயிலையை உருளைகளுக்கு நடுவே நசுக்கிக் கிழித்துச் சுருட்டிய குருணை. பாலையும் சர்க்கரையையும் தாண்டி நிற்கும்படியான திடத்துக்காகவே செய்யப்பட்டது. அதன் டிகாஷனைக் கொதிக்கக் கொதிக்கப் பாலில் இறக்கி நாலு முறை ஆற்றினால்தான் டீ. மல்லிகைத் தேநீரை அப்படிச் செய்தால் இரண்டு விபத்து ஒன்றாக நடக்கும். சூட்டில் மணம் ஆவியாகி அடுப்பு மேடை முழுவதும் மணக்கும், டம்ளரில் ஒன்றும் இருக்காது. பச்சைத் தேயிலையின் துவர்ப்பும் கசப்பும் மட்டும் முழுதாக இறங்கி நிற்கும்.

தண்ணீர் 75 முதல் 85 டிகிரிக்குள் இருந்தால் போதும். வெப்பமானி வேண்டாம். ஆற்றுவது நமக்குக் கைவந்த கலை. அதைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினால் போதும். தேநீரை ஆற்றாமல் வெந்நீரை ஆற்ற வேண்டும். கொதித்து இறக்கிய தண்ணீரை ஒரு சொம்பிலிருந்து இன்னொரு சொம்புக்கு, மறுபடி முதல் சொம்புக்கு என்று இரண்டு மூன்று முறை மாற்றி ஊற்றினால் சூடு தேவையான அளவுக்கு இறங்கிவிடும். ஒரு டம்ளருக்கு, அதாவது 200 மில்லி தண்ணீருக்கு, ஒரு தேக்கரண்டி இலை. மூடி போட்டு இரண்டு நிமிடம், மிஞ்சினால் மூன்று. வடிகட்டிய பிறகு மூடியைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தை முகர்ந்து பாருங்கள். மணத்தில் பாதி அங்கேதான் ஒட்டியிருக்கும். அதே இலையில் இன்னும் ஒரு முறையோ இரண்டு முறையோ தண்ணீர் ஊற்றலாம். பால் வேண்டாம். சர்க்கரை உங்கள் விருப்பம். போட்டுக் குடிப்பவர்களை நான் முறைத்துப் பார்ப்பதில்லை.

வேலூரில் இலையைவிடத் தண்ணீருக்குத்தான் அதிகம் மெனக்கெட வேண்டும். இங்கே ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடின நீர். அதில் உள்ள சுண்ணமும் கார உப்புகளும் தேயிலையின் துவர்ப்புப் பொருள்களோடு சேர்ந்து, மேலே எண்ணெய் போல ஓர் ஏட்டைக் கட்டும். நிறம் மங்கும், வாயில் மணமும் எழும்பாது. பாலாற்றுப் படுகையின் தண்ணீருக்குத் தோல் பதனிடும் ஆலைகளால் என்ன ஆயிற்று என்பது தனிக் கதை. வேலூர் மக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. காவிரிக் குடிநீர் குழாயில் வரும் நாளில் ஒரு டம்ளரும், கிணற்று நீரில் ஒரு டம்ளரும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். ஒரே பொட்டலம் என்று சொன்னால் வீட்டில் யாரும் நம்பவில்லை. வடிகட்டிய குடிநீர் கேன் வாங்கும் வீடுகளில் இந்தத் தொல்லை இல்லை.

சித்திரை, வைகாசியில் சூடான எதையும் குடிக்க மனம் வராது. அப்போது குளிர்ந்த நீரில் ஊறவைப்பதுதான் வழி. ஒரு லிட்டர் குடிநீரில் பத்து கிராம் இலையைப் போட்டு மூடி, குளிர்சாதனப் பெட்டியில் இரவு முழுக்க விட்டு, காலையில் வடிகட்ட வேண்டும். குளிர்ந்த நீர் துவர்ப்பையும் கஃபீனையும் மெதுவாகவும் குறைவாகவும் இழுக்கும். மணம் தாராளமாக இறங்கும். இந்தத் தேநீரில் இளம் நுங்கைத் தோல் நீக்கி நறுக்கிப் போட்டு, சிட்டிகை உப்பும் கொஞ்சம் பனங்கற்கண்டும் சேர்த்துப் பாருங்கள். நுங்குக்கென்று சொல்லும்படி பெரிய மணம் கிடையாது, நீரும் குளுமையும்தான். அந்த வெற்றிடத்தில் மல்லிகை போய் உட்கார்ந்துகொள்கிறது. நான் செய்து பார்த்தவற்றில் இதற்குத்தான் முதலிடம். நன்னாரி சர்பத்தில் கலந்தது வீண்; நன்னாரி எவரையும் பேசவிடாது. எலுமிச்சை நாலு சொட்டுக்கு மேல் போனால் அது எலுமிச்சை ஜூஸ்.

சமையலில் இந்தத் தேநீரை எங்கே சேர்க்கலாம், எங்கே கூடாது என்பதற்கு எனக்கு ஒரே ஒரு விதிதான்: கொத்தமல்லித் தழையைப் போல நடத்த வேண்டும், மஞ்சள்தூளைப் போல அல்ல. இறக்கும்போதோ இறக்கிய பிறகோதான் சேர வேண்டும். மல்லிகைத் தேநீரில் சோறு வடிக்கலாம் என்று பலர் சொல்கிறார்கள். நானும் சீரகச் சம்பாவை இருபது நிமிடம் அதில் வேகவைத்தேன். வந்தது லேசான பழுப்பு நிறச் சோறு. மணம் முழுக்கச் சீரகச் சம்பாவுடையது. அதற்குப் பதில் தண்ணீரைக் கால் பங்கு குறைத்து வேகவைத்து, அடுப்பை அணைத்தபின் கெட்டியாக ஊறிய தேநீரை அரை டம்ளர் தெளித்து மூடிப் பத்து நிமிடம் புழுங்கவிட்டால் பலன் உண்டு. ஆனால் வாசனை அரிசி வேண்டாம். சாதாரணப் பச்சரிசி போதும். ஆம்பூர் பிரியாணிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்தத் தம்மில் மல்லிகையின் குரல் எடுபடாது; முயன்று பார்த்தேன் என்பது கூட ஆம்பூர்க்காரர்கள் காதில் விழாமல் இருக்கட்டும். பிரியாணி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம், அது வேறு. உணவோடு சேர்த்துக் குடித்தால் தேநீரின் துவர்ப்புப் பொருள்கள் கீரை, பருப்பிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். ரத்தசோகை உள்ளவர்கள் இந்த இடைவெளியைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்.

சோற்றுப் பேச்சில் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். கடைகளில் விற்கும் தாய்லாந்து 'ஜாஸ்மின் அரிசி'க்கும் மல்லிகைப் பூவுக்கும் தொடர்பில்லை. அதன் மணம் பாஸ்மதியிலும் ரம்பை இலையிலும் உள்ள அதே பொருளால் வருவது. மல்லிகை போல வெண்மை என்பதால் அந்தப் பெயர்.

பால் வேறு விதம். மல்லிகையின் மணப்பொருள்களில் பல தண்ணீரைவிடக் கொழுப்பில் நன்றாக ஒட்டும். பிரான்சின் கிராஸ் நகரத்து அத்தர்க்காரர்கள் ஒரு காலத்தில் கண்ணாடித் தட்டில் கொழுப்பைத் தடவி அதன்மேல் மல்லிகையை அடுக்கித்தான் மணத்தைப் பிடித்தார்கள். தேநீரில் பால் கூடாது என்று சொன்னவனே இதைச் சொல்கிறானே என்று எண்ண வேண்டாம். அங்கே குற்றவாளி கொதிப்பு. காய்ச்சி நன்றாக ஆறவைத்த அரை லிட்டர் பாலில் இரண்டு மேசைக்கரண்டி இலையைப் போட்டு மூடி, இரவு முழுக்கக் குளிரில் வைத்து வடிகட்டினால் கசப்பில்லாத மல்லிகைப் பால் கிடைக்கும். பாயசத்தை வழக்கம்போல் சுண்டக் காய்ச்சி இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் இந்தப் பாலை ஊற்ற வேண்டும். ஏலக்காய் போடாதீர்கள். இரண்டும் ஒரே பாத்திரத்தில் இருந்தால் ஏலக்காய்தான் ஜெயிக்கும்.

நோன்புக் காலத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் நடக்கும் கடல்பாசி வேலையைப் பார்த்துத்தான் அடுத்த யோசனை வந்தது. கடல்பாசி நார் கொதித்தால்தான் கரையும். ஆனால் 40 டிகிரிக்குப் பக்கத்தில் வரும்வரை உறையாது. கரைவதற்கும் உறைவதற்கும் நடுவே இவ்வளவு இடைவெளி கிடைப்பது அரிது. மல்லிகை நுழைய வேண்டிய வாசல் அதுதான். பத்து கிராம் நாரை அரை லிட்டர் தண்ணீரில் சர்க்கரையோடு கொதிக்கவிட்டுக் கரைத்து, இறக்கி, ஆவி அடங்கும்வரை விட வேண்டும். விரல் நுனியை ஒரு நொடி வைக்க முடிகிற பதத்தில், தனியாகக் கெட்டியாக ஊற வைத்து வெதுவெதுப்பாக இருக்கும் அரை லிட்டர் தேநீரை ஊற்றிக் கிளறித் தட்டில் கொட்ட வேண்டும். தேநீர் குளிர்ந்து போயிருந்தால் ஊற்றிய இடத்திலேயே கட்டி கட்டியாக உறைந்துவிடும். முதல் முறை எனக்கு அப்படித்தான் தவிடுபோல உதிர்ந்து நின்றது. சரியாக வந்தால் வெளிர்மஞ்சள் கண்ணாடி போல இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா ஒரு வில்லையைச் சாப்பிட்டுவிட்டு, ரோஸ் எசன்ஸ் போட்டது போல 'அடிக்கவில்லை' என்றார். அவருக்கு அது குறை; எனக்குப் பாராட்டு.

மார்க்கெட்டில்தான் பூ கிடைக்கிறதே, வாங்கி நாமே தேயிலையில் கலந்தால் என்ன என்று கேட்பீர்கள். கூடாது. மல்லிகைக்கு மொட்டுப்புழுவும் பூ ஈயும் பெரிய எதிரிகள். அவற்றுக்காக அடிக்கப்படும் மருந்து, பூ தலையில் வைக்கப்படும் என்ற கணக்கில் அடிக்கப்படுவது, வயிற்றுக்குள் போகும் என்று அல்ல. மருந்து அடிக்காத வீட்டுச் செடியில் இருபது முப்பது அரும்பு கிடைத்தால் செய்து பார்க்கலாம். மாலை அரும்பைச் சுத்தமான மெல்லிய துணியில் முடிந்து, பச்சைத் தேயிலை உள்ள எவர்சில்வர் டப்பாவில் இரவு வைத்து, விடிந்ததும் எடுத்துவிட வேண்டும். பூவை மறந்து இரண்டு நாள் விட்டால் வேறொரு மணம் தலைதூக்கும். மல்லிகையில் இண்டோல் என்ற பொருள் உண்டு. துளியாக இருக்கும்வரை அதுதான் மல்லிகைக்கு ஆழம் தருகிறது, அளவு கூடினால் அந்துருண்டை வாடை. வாங்குகிற பொட்டலத்தில் மணமூட்டி சேர்த்திருந்தால் அட்டையில் எழுதியிருக்கும், படித்துப் பாருங்கள். உள்ளே காய்ந்த இதழ் நிறையக் கிடந்தால் உசத்தி என்று நினைக்க வேண்டாம். வேலை முடித்த பூவைச் சலித்து எடுப்பதுதான் முறை, அழகுக்காகப் பிறகு தூவுவதும் உண்டு.

பெருங்காயத்துக்குப் பயந்து இரண்டாவது பொட்டலத்தை இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் போட்டுத் துணி பீரோவில் வைத்தேன். புடவைகளுக்கு நடுவே ஆயா அந்துருண்டை போட்டு வைத்திருந்தது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. டப்பா இப்போது கூடத்தில், பழைய பஞ்சாங்கங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது.